கிளவுட் எட்டாதபோது எஃப்எஸ்சிகே அடிக்காதீர்கள்

[திரையில்: கறுப்பு டெர்மினல். "இன்புட்/அவுட்புட் எரர்"]

வணக்கம். யாழ்ப்பாணத்தில் கலியாண வீடியோ எடுக்கிற ஸ்டூடியோ ஒன்று என்று வைத்துக்கொள்வோம். புது வேலைகள் சேர்வர் டிஸ்க்கில். பழைய கலியாணங்கள் எல்லாம் கேட்வே (கிளவுட்டில் இருப்பதை உள்ளூர் டிஸ்க் போலக் காட்டும் இடைமென்பொருள்) வழியாக மும்பையில் ஒரு எஸ்3 பக்கெட்டில், அதாவது அமேசானின் கிளவுட் சேமிப்பில். கரண்ட் போய் வந்தது. அப்புறம் பழைய ஃபோல்டர் எதைத் தொட்டாலும் இந்த வரிதான்.

டிஸ்க் பழுதா? பெரும்பாலும் இல்லை. நெடுநாள் தொடாத பிளாக்குகள் (டிஸ்க்கின் சிறு துண்டுகள்) மேலே, கிளவுட்டுக்குப் போயிருக்கும். அவற்றில் வீடியோ மட்டுமல்ல, ஐநோட் டேபிள் (எந்த ஃபைல் எங்கே என்ற குறிப்பு) போன்ற மெட்டாடேட்டாவும் இருக்கலாம். அதை இறக்க முடியாத கேட்வே, கேர்னலுக்கு (லினக்ஸின் மையப் பகுதிக்கு) வாசிப்புப் பிழையைக் கொடுக்கும். ஈஎக்ஸ்டி4 ஃபைல்சிஸ்டம் (டிஸ்க்கில் ஃபைல்களை ஒழுங்காக வைக்கும் முறை), அப்படிச் செட் பண்ணியிருந்தால், ரீட்-ஒன்லி (வாசிக்க மட்டும்) ஆகிவிடும். எக்ஸ்எஃப்எஸ் என்ற இன்னொரு ஃபைல்சிஸ்டம், லொக் (மாற்றங்களை முதலில் குறித்துவைக்கும் பதிவு) எழுத முடியாவிட்டால், தானே மூடிக்கொள்ளும். இரண்டும் தற்காப்புதான்.

[திரையில்: டீமெசேஜ் (கேர்னலின் செய்திகள்) வரிகள்]

வடிவாகப் பாருங்கள். "இன்புட்/அவுட்புட் எரர்" என்றால் வாசிக்கவே முடியவில்லை. "ஸ்ட்ரக்சர் நீட்ஸ் கிளீனிங்" என்றால் வாசித்தாயிற்று, உள்ளே இருப்பதுதான் பிழை. கவலைப்பட வேண்டியது இரண்டாவதற்கு.

எஃப்எஸ்சிகே என்பது ஃபைல்சிஸ்டத்தைச் சோதித்துத் திருத்தும் கட்டளை. பதற்றத்தில் பலர் அடிப்பது அதன் ஈஎக்ஸ்டி4 வடிவமான ஈ2எஃப்எஸ்சிகே -ஒய். வாசிக்க முடியாத பிளாக் வந்தால் அது இரண்டு கேள்வி கேட்கும்: பிழையை விட்டுவிடவா? கட்டாயமாகத் திருப்பி எழுதவா? -ஒய் போட்டால் இரண்டுக்கும் "ஓம்" சொல்லியாயிற்று. கேட்வே அந்த எழுத்தைக் கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) வாங்கி வைத்து, லைன் வந்ததும் பக்கெட்டில் இருந்த நல்ல பிளாக்கின் மேல் ஏற்றிவிடலாம். அதுவரை இல்லாத கரப்ஷன் (தரவுச் சேதம்) அப்போதுதான் பிறக்கிறது.

ஆகவே முதலில் பேக்கப், ஷேர் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். கேட்வேயின் கேஷில் கை வைக்க வேண்டாம். இன்னும் மேலே ஏறாத பிளாக்குகள் அங்கே மட்டும்தான் இருக்கின்றன. ரீசெட் பட்டன் ஆசை காட்டும். விடுங்கள்.

அடுத்தது இணைப்பு. பிங் போவதை நம்பாதீர்கள். சீமாஸ் பற்றரி (கரண்ட் இல்லாதபோது நேரத்தைக் காக்கும் சிறு பற்றரி) செத்த சேர்வர், கரண்ட் போய் வந்ததும் பழைய வருடம் ஒன்றில் எழும்பி நிற்கும். நேரம் 15 நிமிடத்துக்கு மேல் விலகியிருந்தால் எஸ்3 கோரிக்கையை 403 (அனுமதி இல்லை) என்று திருப்பி அனுப்பும். "டேட்" என்று அடித்துப் பாருங்கள். நேரம் சரியா? அப்படியென்றால் பக்கெட்டுக்கான கீ (நுழைவுச் சாவி) காலாவதியா, பில் கட்டினார்களா என்று விசாரியுங்கள்.

[திரையில்: அன்மவுண்ட், மவுண்ட்]

பக்கெட் எட்டியதும் அந்த டிஸ்க்கை அன்மவுண்ட் செய்து (கழற்றி) மறுபடி மவுண்ட் பண்ணுங்கள் (மாட்டுங்கள்). லொக்கில் மிச்சமிருந்த வேலை தன்பாட்டில் முடியும். பிரச்சினையும் பெரும்பாலும் அதோடு சரி. இல்லாவிட்டால் ஸ்னாப்ஷொட் (அந்த நேர நிலையின் நகல்) எடுத்துவிட்டு, அன்மவுண்ட் செய்து, ஈ2எஃப்எஸ்சிகே அல்லது எக்ஸ்எஃப்எஸ் ரிப்பேர், -என் போட்டு. அது பார்க்கும், எழுதாது. எக்ஸ்எஃப்எஸ் ரிப்பேரில் -எல் என்பது லொக்கையே அழிப்பது. எப்படியும் மவுண்ட் ஆகவே மாட்டேன் என்று நின்றால் மட்டும்.