வாடகை கேட்காத வீட்டுக்காரர்

(கடலூர் மஞ்சக்குப்பத்தில் வாசகர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். ‘ஊரிலிருந்து விலகி, நீ நீயாக வாழ்’ என்று எனக்குத் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். அழைப்பிதழின் ஓரத்தில் முண்டாசும் மீசையுமாகப் பாரதியார் படம். இந்தத் தலைப்புக்கு யாரைக் கூப்பிட்டாலும் அநேகமாக ஒரே பேச்சுதான் வரும்: தைரியமாக இரு, ஊர் பேசுவதைக் காதில் வாங்காதே, தனியாக நில். கை தட்டுவோம், டீ குடிப்போம், கலைந்து போவோம். வீட்டுக்குப் போனதும் அப்பா கேட்பார்: “எல்லாம் சரிடா, சோத்துக்கு என்ன பண்ணுவே?”

அந்தக் கேள்வியை மேடைக்காரர்கள் கிண்டல் செய்வது வழக்கம். எனக்கென்னவோ அப்பா பக்கம் நியாயம் இருப்பதாகத்தான் படுகிறது. ஊருக்கு மாறாக நடக்கத் துணிந்தவருக்கு முதலில் வரும் சிக்கல் தத்துவம் அல்ல. ராத்திரி எங்கே படுப்பது, யார் வீட்டில் சாப்பிடுவது என்பதுதான். இன்றைக்கு அதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

தூரம் போக வேண்டாம், இந்த மஞ்சக்குப்பத்திலேயே தொடங்கலாம். வள்ளலார் பாடல்களை ‘அருட்பா’ என்று சொல்லலாமா என்ற சண்டையில் கிளம்பிய அருட்பா வழக்கு, 1869-இல் இங்கேதான் நடந்தது. வழக்குப் போட்டவர் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர். எதிரில் வள்ளலார். வள்ளலார் உள்ளே நுழைந்ததும் நாவலர் உட்பட எல்லோரும் எழுந்து நின்றார்கள் என்று நம் ஊரில் சொல்லிச் சொல்லி மகிழ்வோம். ஆனால் அவரைக் கோர்ட்டு வரைக்கும் இழுத்தார்கள் என்பதைச் சேர்த்துச் சொல்கிறோமா? அந்தக் காலத்துக்கு அவர் சாதாரணமாகவா பேசினார்! சாதியும் மதச் சண்டையும் பொய் என்றார். செத்தவரை எரிக்காதீர்கள், புதையுங்கள் என்றார். கணவன் இறந்தால் மனைவியின் தாலியை வாங்காதீர்கள் என்றார். இன்றைக்கு இதில் ஒன்றைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுப் பாருங்கள், ஒன்றுவிட்ட சித்தப்பா வரைக்கும் சண்டைக்கு வருவார்.

அப்படிப் பேசிய மனிதர் எங்கே இருந்தார்? சென்னையை விட்டு வந்தவர், கருங்குழியில் வேங்கட ரெட்டியார் என்கிற மணியக்காரர் வீட்டில் இருந்தார். ஒரு நாள், இரண்டு நாள் விருந்து இல்லை. 1867-இல் வடலூரில் தருமச்சாலை தொடங்கும் வரைக்கும் ஆண்டுக்கணக்கில் அந்த வீடுதான். தண்ணீரில் விளக்கு எரித்தார் என்று சொல்கிற அந்த அற்புதம் நடந்ததும் அந்த வீட்டில்தான். தண்ணீரில் விளக்கு எரிந்ததைப் பற்றி எத்தனையோ பேர் பேசியாகிவிட்டது. எண்ணெய் விளக்கையும் இலையில் சோற்றையும் தினமும் கவனித்துக்கொண்டவர்களைப் பற்றி யார் பேசினார்கள்? அந்தக் குடும்பத்தைப் பார்த்துக் கிராமத்தில் என்னென்ன கேட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். தலையை மூடி வெள்ளைத் துணி போர்த்திய ஒருவர், நம் சடங்கு எதையும் ஏற்காதவர், உங்கள் வீட்டுத் திண்ணையில் எதற்கு?

பிறகு தருமச்சாலைக்குப் பார்வதிபுரத்து மக்கள் எண்பது காணி நிலம் கொடுத்தார்கள். 1867 மே 23-இல் பற்ற வைத்த அடுப்பு இன்று வரைக்கும் எரிகிறது. அவர் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது இது. தனக்குக் கிடைத்த சோற்றையும் இடத்தையும், வருகிற எல்லோருக்கும் என்று விரித்துப் போட்டார். நீ எந்தச் சாதி, எந்த ஊர் என்று கேட்காத பந்தி. ஊருக்கு ஒட்டாத ஒருவர் ஊருக்கே சாப்பாடு போட்டார்.

இன்னும் பழைய கதைக்குப் போனால் திருவதிகை. பண்ருட்டிப் பக்கம்தான், பஸ் ஏறினால் வந்துவிடும். பின்னாளில் அப்பர் என்று நாம் கும்பிடும் மருள்நீக்கியார், சமணத்துக்குப் போய்த் தருமசேனர் என்று பெயர் வாங்கி, பாடலிபுத்திரத்தில், அதாவது நம் திருப்பாதிரிப்புலியூரில், பெரிய ஆளாக இருந்தார். சூலை நோய் வந்து மனம் மாறியபோது அவருக்குப் போக்கிடம் ஒரே ஒரு வீடு. சமணத் துறவிக்குரிய பாயையும் மயிற்பீலியையும் குண்டிகை என்கிற நீர்க்கலத்தையும் போட்டுவிட்டு, வெள்ளைத் துணி உடுத்தி, யார் கண்ணிலும் படாமல் ராத்திரியில் அக்கா வீட்டுக்கு நடந்தார் என்கிறது பெரியபுராணம். அந்த அக்கா திலகவதியார் மட்டும் ஊர் வழக்கப்படியா வாழ்ந்தார்? நிச்சயித்த மாப்பிள்ளை கலிப்பகையார் போரில் இறந்துவிட்டார். உயிரை விடப் போனவரைத் தம்பிதான் அழுது தடுத்தார். அப்புறம் கல்யாணமே வேண்டாம் என்று, கோயிலைக் கூட்டி மெழுகிக்கொண்டு, தன் போக்கில் இருந்தார். தம்பி வந்து நின்றபோது ‘எங்கள் மானத்தை வாங்கினாயே’ என்று கேட்கவில்லை. திருநீறு கொடுத்துச் சேர்த்துக்கொண்டார். ஊரோடு ஒட்டாத இன்னொருவரைச் சேர்த்துக்கொள்ள, தானும் அப்படி வாழ்ந்த அக்காவால் முடிந்தது. நான் இதைச் சமயக் கதையாகச் சொல்லவில்லை, குடும்பக் கதையாகச் சொல்கிறேன்.

சரி, அழைப்பிதழில் இருப்பவருக்கு வருவோம். பாரதியார் 1908-இல் புதுச்சேரிக்குப் போனார். பிரெஞ்சு எல்லை என்பதால் பிரிட்டிஷ் போலீஸ் பிடிக்க முடியாது. ஆனால் ஒற்றர்கள் தெருவில் நின்றார்கள். அவரோடு பேசினாலே வம்பு. ‘இந்தியா’ பத்திரிகையும் 1910-இல் நின்று போனது. வருமானம் இல்லை, வீட்டில் குழந்தைகள். கனகலிங்கம் என்ற தலித் இளைஞருக்குப் பூணூல் போட்டு, சொந்தச் சாதிக்காரர்களின் கோபத்தையும் வாங்கிக்கொண்டார். இந்த லட்சணத்தில் பத்து வருஷம் எப்படி ஓடியது?

வீட்டுக்காரர் ஒருவர் இருந்தார். பாரதியார் அவருக்கு வைத்த பட்டப்பெயர் விளக்கெண்ணெய்ச் செட்டியார். வாடகை பாக்கி மாதக்கணக்கில் ஏறும். வசூலிக்க வருவார். பாரதியார் பாடிக்கொண்டிருந்தால் உட்கார்ந்து கேட்பார். வாயைத் திறந்து காசு கேட்காமல் எழுந்து போய்விடுவார். முத்தியாலுப்பேட்டைக் குயில்தோப்புக்குச் சொந்தக்காரர் இன்னொரு செட்டியார், கிருஷ்ணசாமி. அவருக்கு வெல்லச்சு என்று பெயர். உட்கார்ந்து எழுத நிழல் கொடுத்தார். நண்பராக வந்து சேர்ந்தவர் குவளைக் கண்ணன். இவர்கள் யாரும் புரட்சிக்காரர்கள் இல்லை. ஒற்றன் பார்த்துக்கொண்டிருக்கும் தெருவில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினார்கள், அவ்வளவுதான். 1918 நவம்பரில் பாரதியார் எல்லை தாண்டி வந்ததும் கைதாகி, மூன்று வாரத்துக்கு மேல் நம் கடலூர் சிறையில்தான் இருந்தார். ஆக, புதுச்சேரி அவருக்கு வீடு கொடுத்தது. நம் ஊர் கொடுத்தது ஜெயில்.

இதே மஞ்சக்குப்பத்தில் 1934-இல் பிறந்த ஜெயகாந்தனும் அப்படித்தான். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய பையனைக் கம்யூனிஸ்ட் கட்சிக்காரர்கள் சேர்த்து, படிக்க வைத்து, சாப்பாடு போட்டார்கள். அவர் திமிரைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதையும் பேச வேண்டும்.

இதெல்லாம் பழங்கதை என்று நினைப்பீர்கள். இந்த ஊரில் இட்லிக் கடை நடத்தும் ஒரு திருநங்கை எனக்குப் பழக்கம். போன வருஷம் வீடு பார்க்க அவருடன் நானும் போனேன். டு-லெட் போர்டு தொங்கும். போனில் பேசினால் “வாங்க, பாருங்க” என்பார்கள். நேரில் போய் நின்றதும் “இப்பத்தான் ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்தாரு” என்பார்கள். மறுநாளும் போர்டு தொங்கும். யாரும் கத்தவில்லை, திட்டவில்லை. மரியாதையாகத்தான் இல்லை என்றார்கள். தமிழ்நாட்டில் 2008-லேயே அவர்களுக்கு நல வாரியம் வந்துவிட்டது. 2014-இல் உச்ச நீதிமன்றம் அவர்களை மூன்றாம் பாலினமாக ஏற்றுத் தீர்ப்புச் சொன்னது. வாடகை வீடு மறுக்கக் கூடாது என்று 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தில் எழுதியே இருக்கிறது. சித்திரையில் திருநங்கைகள் கூடும் கூவாகம் திருவிழாவுக்குப் போய்ப் படம் எடுத்து வருகிறோம். பங்குனி வரைக்கும் அவர்கள் எங்கே குடியிருப்பார்கள் என்று கேட்பதில்லை.

கடைசியில் தேவனாம்பட்டினத்தில் மீன் விற்கிற ஒரு அம்மா வீடு கொடுத்தார். மேலும் கீழும் ஒரு தடவை பார்த்தார். “ஏம்மா, மோட்டார் போட்டா மறக்காம அணைச்சுடுவியா? முன்னாடி இருந்தவன் தினம் தண்ணிய வழிய விட்டான்” என்றார். அவருக்கு இருந்த ஒரே கவலை அதுதான்.

முன் வரிசையில் இருக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஒன்று. நீங்கள் வேறு மாதிரி இருக்கிறீர்கள் என்று தோன்றினால், உடனே வீட்டில் சண்டை போட்டுப் பையைத் தூக்காதீர்கள். உங்களுக்கு ஒரு அக்கா, ஒரு நண்பன், ஒரு நூலகர் யார் என்று முதலில் பாருங்கள். கையில் ஒரு தொழில் இருந்தால் இன்னும் நல்லது. தலைமுடிக்கு நிறம் அடிப்பதெல்லாம் அப்புறம் ஆகட்டும்.

பின் வரிசைப் பெரியவர்களுக்கு வேறொரு விஷயம். அந்த மீன்காரம்மா வீட்டை இடித்துக் கட்டப் போகிறாராம். தை மாதத்துக்குள் நம் இட்லிக் கடைக்காரருக்கு வேறு வீடு வேண்டும். ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு போதும். வாடகை சரியாகக் கொடுப்பார், அதற்கு நான் பொறுப்பு. போர்ஷன் காலியாக வைத்திருப்பவர்கள் டீ குடித்துவிட்டு உடனே கிளம்பிவிடாமல் என்னை வந்து பாருங்கள்.