பழைய ஹினோ உதறுகிறதா? கிரீஸ் கன்னைத் தொடும் முன் இதைப் பாருங்கள்

(காட்சி: பர்மா, பெகுவைத் தாண்டி சிட்டாங் போகும் ரோடு, லோடு இல்லாத பழைய ஹினோ லாரி)

வணக்கம். லாரி 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் உதற ஆரம்பித்தால் நம் ஆட்கள் முதலில் டயரைக் குறை சொல்வார்கள், அப்புறம் கண்ணில் படுகிற நிப்பிளில் (கிரீஸ் ஏற்றும் முனை) எல்லாம் கிரீஸை ஏற்றிவிட்டு சரியாகிவிடும் என்பார்கள். ஆகாது. தேய்ந்த சாமானை கிரீஸ் பழையபடி ஆக்காது. உதறல் எங்கே பிறக்கிறது என்று பிடித்த பிறகுதான் கிரீஸ்.

நேரான, ஆள் நடமாட்டம் இல்லாத ரோட்டில் உதறல் வரும் வேகத்துக்குப் போங்கள். கிளட்சை மிதித்து ஆக்சிலரேட்டரை விடுங்கள். இன்ஜின் ஐடிலுக்கு இறங்கும், வண்டி அதே வேகத்தில் உருளும். அப்போதும் உதறினால் சக்கரமோ, கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்டோ. நின்றுவிட்டால் உடனே இன்ஜின் மேல் பழி போடாதீர்கள், ஏனென்றால் இழுக்கும்போது மட்டும் உதறுகிற ஷாஃப்ட் ஜாயின்ட்டும் இப்படித்தான் அடங்கும். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் அதே ஆர்பிஎம்முக்கு ஏற்றிப் பாருங்கள். நின்ற வண்டியும் நடுங்கினால்தான் இன்ஜின், கிளட்ச், மவுண்டிங் ரப்பர்.

சரி, சக்கரமா ஷாஃப்டா? 9.00-20 டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 3.2 மீட்டர் ஓடும். 60 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு ஐந்து சுற்றுதான், அதனால் சக்கரத்தின் உதறலைத் தடதடவென்று ஒவ்வொன்றாக உணரலாம். பின் அச்சில் இருக்கும் டிஃபரன்ஷியலின் பல் விகிதம் 6க்கு 1 என்றால் ஷாஃப்ட் அதே நேரத்தில் முப்பது சுற்றுக்கு மேல் போகும், அது எண்ணவே முடியாத ரீங்காரமாக சீட்டுக்கு அடியில் வரும். ஸ்டியரிங் ஆடினால் முன்சக்கரம். பிரேக் பிடிக்கும்போது மட்டும் என்றால் டிரம்.

சக்கரம் என்றால் காசு செலவழிக்கும் முன் ரிம்மின் உள்பக்கம் கழுவுங்கள். மழைக்காலத்தில் தட்டோன், மோல்மீன் பக்கம் போய்வந்த வண்டியில் செம்மண் ரிம்முக்குள் ஒரு பக்கமாக அப்பிக் காய்ந்திருக்கும், அது போதும் சக்கரத்தை ஆட்ட. பின்னால் ரெட்டை டயருக்கு நடுவே கல் சிக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். நம் பர்மாவில் இந்தப் பழைய வண்டிகளுக்கு ஸ்டியரிங்கும் வலது பக்கம், ஓட்டுவதும் ரோட்டின் வலது பக்கம், அதனால் ஓரத்துப் பள்ளத்தில் இறங்குவது வலது சக்கரம்தான். முன்சக்கரம் எதன் மேல் திரும்புகிறதோ அந்த கிங் பின்னில், நான் வலப்பக்கத்தைத்தான் முதலில் அசைத்துப் பார்ப்பேன்.

(காட்சி: வண்டிக்கு அடியில், டார்ச் வெளிச்சத்தில் ஷாஃப்ட்)

இன்ஜின் அணைந்திருக்கிறது, சக்கரத்துக்குக் கட்டை வைத்திருக்கிறது, கியர் நியூட்ரல். இன்ஜின் ஓடும்போது அடியில் போகவே கூடாது, அதுவும் கைலியோடு. சுற்றுகிற ஷாஃப்ட் துணியைப் பிடித்தால் ஆளையும் சேர்த்து இழுத்துவிடும்.

இந்த கிராஸைப் பாருங்கள், ஷாஃப்ட் ஜாயின்ட்டுக்குள் இருக்கும் சிலுவைத் துண்டு, நான்கு முனையிலும் ஒரு கேப் மூடியிருக்கும். கேப்பின் ஓரத்தில் செம்பொடி, துருவை மாவாக அரைத்த மாதிரி. உள்ளே கிரீஸ் காய்ந்து ஊசி பேரிங் தன்னையே அரைக்கிறது. ஷாஃப்டைக் கையால் திருப்பினால் கிராஸில் ‘டக்’ என்று ஒரு இடைவெளி தெரிகிறது. இதற்கு கிரீஸ் வீண், கிராஸையே மாற்றுங்கள். அண்மையில் ஷாஃப்டைக் கழற்றி மாட்டியிருந்தால் கிராஸைப் பிடிக்கும் கவைகளான இரண்டு முனை யோக்கும் ஒரே நேரில் இருக்கிறதா என்று பாருங்கள். ஷாஃப்டின் இரண்டு துண்டும் ஒன்றுக்குள் ஒன்று செருகும் ஸ்பிளைனில் ஒரு பல் தள்ளி மாட்டினாலும் உதறும், அதற்குத்தான் கழற்றும் முன் குறி போடச் சொல்வது.

இனி நல்ல ஜாயின்ட்டுக்கு கிரீஸ். நிப்பிளைத் துடைக்காமல் கன்னை வைத்தால் மண்ணையும் சேர்த்து உள்ளே தள்ளுவீர்கள். மெதுவாக அடியுங்கள், நான்கு கேப்பிலும் பழைய கறுப்பு கிரீஸ் வெளியேறி புதுசு வரும்வரை. மூன்றில் வந்து ஒன்றில் வரவில்லை என்றால் ஷாஃப்டை அந்தக் கேப்புக்கு எதிர்ப்பக்கம் தள்ளிப் பிடித்து அடியுங்கள். வராத அந்த ஒன்றுதான் அடுத்து போகப்போவது.

பட்டை ஸ்பிரிங்கை சேசியோடு கோக்கும் ஷேக்கிள் பின்னுக்கு, சேசியை ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, பட்டையின் மேல் பாரம் இல்லாமல் அடியுங்கள். பாரம் இருந்தால் தேய்கிற பக்கத்துக்கு கிரீஸ் போகாது. கிங் பின்னுக்கும் சக்கரம் தரையை விட்டு எழும்ப வேண்டும்.

கிரீஸ் லித்தியம், இபி (அதிக அழுத்தம் தாங்குவது), கெட்டித்தன்மை நம்பர் 2. உள்ளே வேறு வகை இருந்தால் கலக்காதீர்கள், சில வகைகள் சேர்ந்தால் இளகி ஒழுகிவிடும். வெள்ளத்தில் வண்டி இறங்கியிருந்தால் கிலோமீட்டர் கணக்குக்காகக் காத்திருக்காமல் அன்றைக்கே அடித்துத் தண்ணீரை வெளியே தள்ளுங்கள். டிஃபரன்ஷியல் எண்ணெயையும் திறந்து பாருங்கள், பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

முடிந்ததும் அதே ரோட்டில் அதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். திரும்பி வந்து இன்ஜினை அணைத்து, ஒவ்வொரு கேப்பின் பக்கமும் கையைக் கொண்டுபோங்கள், சட்டென்று தொடாதீர்கள். மற்றவற்றை விட ஒன்று அதிகமாகச் சுட்டால், அதை வைத்துக்கொண்டு மோல்மீனுக்கு லோடு ஏற்றாதீர்கள்.