நீர் பட்டதும் பாலாகும் மது: அனீஸ் மதுவகைகளும் கொக்டெயிலும்

[காட்சி: மேசைமேல் ஒரு கண்ணாடிக் குவளை, அருகே குளிர்நீர்]

வணக்கம். இந்தக் குவளையில் 20 மில்லிலீற்றர் பாஸ்டிஸ், அதாவது பெருஞ்சீரகம்போல் மணக்கும் அனீஸ் விதையால் மணமூட்டிய பிரெஞ்சு மது, தேன் நிறத்தில், அடிவரை தெளிவாக இருக்கிறது. அதன் ஐந்து மடங்கு குளிர்நீரை மெல்ல ஊற்றுகிறேன். புகை போன்ற ஓர் இழை சுழன்று எழுகிறது. சில நொடிகளில் குவளை முழுவதும் பால் நிறமாகிவிடுகிறது.

இதற்குக் காரணம் அனெதோல் என்னும் நறுமண எண்ணெய். மதுசாரத்தில் நன்றாகக் கரையும் அது நீரில் கரைவதில்லை. ஆகவே நீர் கூடக்கூட நுண்துளிகளாகப் பிரிந்து ஒளியைச் சிதறச் செய்கிறது. நம் பெருஞ்சீரகத்தின் வாசனையும் இதே எண்ணெயால் வருவதுதான் என்பதால், புறக்கோட்டைப் பலசரக்குக் கடைகளைக் கடந்து நடந்த எவருக்கும் இந்தச் சுவை அந்நியமாக இராது.

கிரேக்கத்தின் ஊசோ, துருக்கியின் ராக்கி, லெபனானின் அரக் ஆகியவை இதே குடும்பம். லெபனானின் அரக்கும் நமது தென்னஞ்சாராயமும் ஒன்றல்ல. ‘வியர்வை’ எனப் பொருள்படும் அரபுச் சொல்லே அந்த அரக்குக்கும் சாராயத்தின் ஆங்கிலப் பெயருக்கும் மூலம். ஆனால் முன்னது திராட்சையும் அனீஸும், பின்னது தென்னங்கள்ளு. அனீஸ் மணமுள்ள இன்னொரு மூலிகை மதுவான அப்சிந்தை பிரான்ஸ் 1915இல் தடைசெய்தது. அந்த வெற்றிடத்தில்தான், 1932இல், மார்செய் நகரில் போல் ரிக்கார் தமது பாஸ்டிஸை விற்கத் தொடங்கினார்.

[காட்சி: கலங்கிய போத்தல்]

கொழும்பு வெக்கைக்கு அஞ்சி நான் ஒருமுறை பாஸ்டிஸ் போத்தலைக் குளிர்சாதனப்பெட்டியில் வைத்தேன். மறுநாள் அதில் வெண்துகள்கள் மிதந்தன. பழுதாகிவிட்டது என்று நினைத்து வருந்தினேன், ஆனால் குளிரில் அனெதோல் உறைந்திருந்ததே தவிர வேறொன்றுமில்லை; வெளியே வைத்ததும் தெளிந்தது. ஆகவே குவளையில் எப்போதும் முதலில் நீரையும், அதன் பிறகே ஐஸ்கட்டியையும் சேர்க்க வேண்டும்.

கலவைகளில் அனீஸ் மிக எளிதாக மற்றெல்லாவற்றையும் மூடிவிடும். நியூ ஓர்லியன்ஸின் சாசராக் என்னும் கொக்டெயில் இதை அழகாகத் தீர்க்கிறது: அப்சிந்தால் குவளையின் உட்புறத்தை நனைத்து, மிச்சத்தைக் கொட்டிவிடுவார்கள். அதே முறையில் முதிர்ந்த தென்னஞ்சாராயம் 50 மில்லிலீற்றர், ஒரு தேக்கரண்டி கித்துல் பாணி, சில துளி பிட்டர்ஸ் (கசப்பு மூலிகைச் சாறு) ஆகியவற்றை ஐஸ்கட்டியோடு கலக்கி வடித்து ஊற்றினால், சாராயத்தின் மணம் முன்னே நிற்க, அனீஸ் மூச்சில் மட்டும் தங்கும்.

130 தாவரங்களிலிருந்து செய்யப்படும், 55 சதவீத மதுசாரம் கொண்ட பச்சை ஷார்ட்ரூஸ் என்னும் பிரெஞ்சு மூலிகை மது அனீஸுக்கு நேர்மாறானது. துணிந்து அளந்து ஊற்றலாம். ஜின், ஷார்ட்ரூஸ், மரஸ்கீனோ (செர்ரி மது), தேசிக்காய்ச் சாறு நான்கையும் சம அளவில், தலைக்கு 20 மில்லிலீற்றராகக் குலுக்கினால் ‘லாஸ்ட் வேர்ட்’ என்னும் கொக்டெயில் கிடைக்கும். தேசிக்காயை மட்டும் குலுக்குவதற்குச் சற்று முன்னரே பிழியுங்கள். வெட்டி வைத்த சாறு மூலிகையின் கூர்மையை மழுங்கடித்துவிடுகிறது.