உங்கள் படத்தில் நான் கண்டது

(கிளிநொச்சியில், பொழுதுபோக்காக ஓவியம் வரைபவர்களின் கண்காட்சி ஒன்றின் நிறைவில் ஆற்றிய உரை)

அன்பான பெரியவர்களே, ஆசிரியர்களே, இந்தச் சுவர்களில் தொங்கும் படங்களைக் கீறிய அக்காமாரே, அண்ணன்மாரே, தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

பாராட்டிப் பேசும்படிதான் என்னைக் கேட்டார்கள். பாராட்டு ஏற்கெனவே நிறையக் கிடைத்துவிட்டது. வந்தவர்கள் ஒவ்வொரு படத்துக்கு முன்னாலும் நின்று "வடிவாயிருக்கு" என்றார்கள், கைப்பேசியில் ஒரு படம் எடுத்தார்கள், அடுத்ததற்குப் போய்விட்டார்கள். கீறியவர் பக்கத்திலேயே நின்றார். இன்னும் ஏதாவது சொல்வார்களா என்று அவர் எதிர்பார்த்தது முகத்திலேயே தெரிந்தது. ஆகவே நான் அதைப் பற்றியே பேசப்போகிறேன். ஒருவர் கீறிய படத்தைப் பார்த்து அவருக்கு உதவும்படி எதைச் சொல்வது, எப்படிச் சொல்வது, சொன்னதைக் கேட்டவர் அதை வைத்து என்ன செய்வது.

முதலில், இன்னொருவர் ஏன் சொல்ல வேண்டும்? ஒரே படத்தோடு பல நாள் இருந்தால் கண் அதற்குப் பழகிவிடும். சரிந்த தோள் நேராகத் தெரியும், நீண்ட கை அளவாகத் தெரியும். லியொனார்டோ டா வின்சி 500 வருடங்களுக்கு முன்பே இதற்கு ஒரு வழி எழுதிவைத்தார். வரைந்ததை முகக்கண்ணாடியில் பார்க்கச் சொன்னார். இடம் வலமாகத் திரும்பும்போது அது வேறு யாரோ கீறிய படம் போலத் தெரியும், பிழை சட்டென்று கண்ணில் படும். இப்போது கைப்பேசியிலேயே படத்தைத் திருப்பிப் பார்க்கலாம். அவர் இன்னொன்றும் சொன்னார். வரையும்போது யார் கருத்துச் சொன்னாலும் கேள், ஓவியன் அல்லாதவனுக்கும் மனிதனின் உருவம் எப்படி இருக்கும் என்று தெரியும் என்பது அவர் எண்ணம்.

வன்னியில் இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். கரைவலை இழுக்கும் படம் ஒன்று இங்கே இருக்கிறது. முல்லைத்தீவுக் கடற்கரையில் வலை இழுத்த ஒருவர் அதைப் பார்த்தால், பாரம் ஏறிய கயிற்றை இழுக்கிற ஆளின் உடம்பு எவ்வளவு பின்னால் சாயும், குதிக்கால் மணலில் எப்படிப் புதையும் என்று உடனே சொல்லிவிடுவார். மாடு படுக்கும்போது எந்தக் கால் முதலில் மடியும் என்பது மாடு வளர்த்தவருக்குத் தெரியும். இவர்கள் எல்லோரும் "எங்களுக்கு ஓவியம் விளங்காது" என்று சொல்லிக்கொண்டு வாசலோடு திரும்பிவிடுகிறார்கள். தயவுசெய்து அவர்களை உள்ளே கூட்டி வாருங்கள். "நிறம் எப்படி?" என்று கேட்காதீர்கள். "இந்த ஆள் உண்மையாகவே வலை இழுக்கிறாரா?" என்று கேளுங்கள்.

திருத்தம் சொல்வது நமக்குப் பழக்கமில்லாத விஷயம் என்று நான் நினைக்கவில்லை. முல்லைத்தீவுப் பக்கம் கோவலன் கூத்துப் பழகுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் எத்தனை பேர் பார்த்திருந்தாலும் பாட்டை நிறுத்துவார், "அந்த அடியைத் திரும்பப் பாடு" என்பார். பாடுபவர் வெட்கப்பட மாட்டார், திரும்பப் பாடுவார். அந்தத் துணிவு ஓவியத்தில் நமக்கு ஏன் வருவதில்லை? காரணம் ஒன்று எனக்குத் தெரிகிறது. கூத்தில் திருத்தம் பழகும் காலத்திலேயே வருகிறது, மேடை ஏறிய பிறகு அண்ணாவியார் நிறுத்துவதில்லை. நாமோ படத்தை முடித்து, பிரேம் போட்டு, சுவரில் மாட்டிய பிறகுதான் மற்றவர்களுக்குக் காட்டுகிறோம். அந்த நேரத்தில் கைநீளம் பிழை என்று யாராவது சொன்னால் மனம் நோகும், வேறு பயன் இருக்காது. பென்சில் கோட்டோடு இருக்கும்போது சொன்னால் அழிறப்பர் போதும். நீர்வர்ணம் என்றால் இது இன்னும் முக்கியம். வெளிச்சம் விழும் இடம் கடதாசியின் வெள்ளைதான், அதன் மேல் ஒருமுறை நிறம் ஏறிவிட்டால் அந்தத் தூய வெள்ளை திரும்பி வராது.

இப்போது எனக்கு மிகவும் முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

நம் மண்ணில் ஒருவர் படம் கீறினால் அதற்குப் பின்னால் பெரும்பாலும் ஓர் இழப்பு இருக்கிறது. 2017 பெப்ரவரியில் இந்த நகரத்தின் கந்தசுவாமி கோயில் முன்றலில் தொடங்கிய போராட்டத்தில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை ஏந்தி அம்மாக்கள் இருந்ததை நாம் எல்லோரும் கண்டோம். அப்படி ஒரு சிறிய, மங்கிப்போன போட்டோவைப் பார்த்து மகனின் முகத்தைப் பெரிதாகக் கீறிய ஒரு தாயை நான் அறிவேன். வந்தவர்கள் எல்லோரும் கண் கலங்கினார்கள், "நல்லாயிருக்கம்மா" என்றார்கள். அவர் என்னிடம் சொன்னார்: "எல்லாரும் நல்லாயிருக்கெண்டுதான் சொல்லுகினம் சேர். ஆனா இது அவன் இல்லையே."

அவருக்குத் தேவைப்பட்டது என்ன? ஆறுதல் சொல்ல அயலில் ஆட்கள் இருந்தார்கள். மகனின் முகத்தைச் சரியாகக் கொண்டுவர உதவி செய்யத்தான் யாரும் இருக்கவில்லை. படத்தில் பிழை ஒன்றுதான். கண்களை மேலே வைத்துவிட்டார். புதிதாக முகம் கீறுகிற பெரும்பாலானவர்கள் செய்வது இது. உச்சந்தலையிலிருந்து நாடி வரை அளந்தால் கண் கிட்டத்தட்ட நடுவில் வரும். முகத்தில் நாம் கவனிப்பதெல்லாம் கண்ணும் மூக்கும் வாயும் என்பதால் அவற்றுக்கு இடத்தைக் கொடுத்து, நெற்றியையும் தலைமுடியையும் சுருக்கிவிடுகிறோம். அந்த அம்மாவிடம் ஒரு நூலைக் கொடுத்து போட்டோவிலும் படத்திலும் அளந்து பார்க்கச் சொன்னேன். அவர் தானே கண்டுபிடித்தார், அழித்தார், கண்களைக் கீழே இறக்கினார். "இப்ப கொஞ்சம் அவன்ர சாயல் வருது" என்றார்.

இரக்கத்தினால் நாம் மௌனமாக இருக்கிறோம். அந்த இரக்கம் நல்ல மனதிலிருந்துதான் வருகிறது, அதை நான் குறைசொல்லவில்லை. ஆனால் துயரப்பட்டவர் கீறிய படத்தில் துயரத்தை மட்டும் பார்த்துவிட்டு, கோட்டையும் நிறத்தையும் பார்க்க மறுத்தால் அவருடைய உழைப்பைப் பார்க்க மறுக்கிறோம். முள்ளிவாய்க்காலை வரைந்த தம்பி ஒருவரின் படமும் இங்கே இருக்கிறது. முழுவதும் கறுப்பும் சிவப்பும். அதன் முன் நிற்பவர்கள் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுகிறார்கள். அவர் பட்டதைப் பற்றிச் சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. படத்தைப் பற்றிக் கேட்கலாம். தம்பி, என் கண் முதலில் எங்கே போக வேண்டும் என்று நீர் விரும்பினீர்? படத்தில் இருக்கும் தாயின் கையிலுள்ள குழந்தைக்கா? அப்படியென்றால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உமது படத்தைப் பாரும். நுணுக்கங்கள் மறைந்து வெளிச்சமும் இருட்டும் மட்டும் தெரியும். இப்போது குழந்தையும் பின்னால் உள்ள புகையும் ஒரே இருட்டாக இருக்கின்றன. குழந்தையின் பக்கத்தில் மட்டும் சற்று வெளிச்சம் இருந்தால் போதும். அந்த நாளைப் பார்த்திராத ஒருவருக்கும் நீர் காட்ட நினைத்தது போய்ச் சேரும்.

கடுமையாகச் சொல்வதும் உண்டு. 1885இல் வின்சன்ட் வான்கோ, விவசாயக் குடும்பம் ஒன்று விளக்கு வெளிச்சத்தில் உருளைக்கிழங்கு உண்பதை வரைந்தார். அதன் கல்லச்சுப் பிரதியை நண்பரான ஓவியர் அன்ரன் வான் ரப்பார்டுக்கு அனுப்பினார். நண்பர் பதில் எழுதினார். வலப்பக்க மனிதனுக்கு முழங்காலும் வயிறும் எங்கே, கை ஏன் இவ்வளவு கட்டை, மூக்கில் பாதியைக் காணோமே என்று கேட்டார். இவை எல்லாம் படத்தைப் பார்த்துச் சொன்னவை, பல இடங்களில் அவர் கண் பிழைக்கவில்லை. ஆனால் அதோடு நிற்காமல், இதை நீ அக்கறையோடு செய்திருக்க மாட்டாய் என்றும் எழுதினார். வான்கோ அந்தக் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். சில மாதங்களில் அந்த நட்பே முடிந்துபோனது. அடுத்த குளிர்காலத்தில் வான்கோ அன்ற்வேர்ப் நகரக் கலைக்கூடத்தில் சேர்ந்து உருவம் வரையப் பழகினார். அதாவது உருவத்தில் இன்னும் பழக வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது. கை கட்டை என்று சொல்லலாம், அளந்து பார்த்துத் திருத்தலாம். உனக்கு அக்கறை இல்லை என்று சொன்னால் அதை எதைக்கொண்டு அளப்பது? கீறியவரின் மனதைப் பற்றி நமக்கு எதுவும் தெரியாது. அங்கே போகவே கூடாது.

ஆகவே சொல்லப்போகிறவர் முதலில் கொஞ்சம் நேரம் பேசாமல் பார்க்க வேண்டும். பிறகு தான் கண்டதைச் சொல்ல வேண்டும். "என் கண் முதலில் இந்தப் பனைக்குப் போனது, அப்புறம் தண்ணீருக்கு வந்தது" என்று சொன்னாலே கீறியவருக்கு அது பெரிய தகவல். பிறகு "நீங்கள் எதைக் காட்ட நினைத்தீர்கள்?" என்று கேட்கலாம். அதன் பிறகுதான் திருத்தம். இரணைமடுக் குளத்தைப் பல பேர் வரைந்திருக்கிறீர்கள். "தண்ணீர் சரியில்லை" என்றால் யாருக்கும் எதுவும் விளங்காது. "இடப்பக்கம் நீர்மட்டம் மேலே ஏறியிருக்கிறது, அதனால் குளம் வழிவதுபோல் தெரிகிறது, அடிமட்டம் வைத்துப் பாருங்கள்" என்றால் வீட்டுக்குப் போய் உடனே செய்யலாம். "தண்ணீரில் தெரியும் பனையின் பிம்பம் மரத்துக்கு நேர்கீழே விழவேண்டும், இங்கே சாய்ந்து விழுந்திருக்கிறது" என்பதும் அப்படித்தான். ஒரு படத்துக்கு இப்படி ஒன்றோ இரண்டோ போதும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னால் கேட்பவருக்குத் தூரிகையைத் தொடவே மனம் வராது. இன்னொன்று, அடுத்தவர் படத்தில் உங்கள் பென்சிலை வைக்காதீர்கள். வேறு தாளில் கீறிக் காட்டுங்கள். ஆசிரியர்களிடம் இதை நான் கெஞ்சியே கேட்கிறேன்.

சின்னப் பிள்ளைகள் விஷயம் வேறு. அவர்களின் அளவுகளைத் திருத்த வேண்டாம், தலை பெரிதாக இருக்கட்டும். ஒன்றை மட்டும் பாருங்கள். சித்திரப் போட்டி வைத்தால் வன்னிப் பிள்ளைகள் பலர் இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஆறு என்று கீறுகிறார்கள். நம் பக்கம் தட்டையான நிலம், அப்படி மலை எங்கே இருக்கிறது? அந்தப் பிள்ளையைக் குறைசொல்லாமல் வெளியே கூட்டிக்கொண்டு போய், வயலுக்கு அப்பால் சூரியன் எங்கே இறங்குகிறது, எந்த மரத்துக்குப் பின்னால் போகிறது என்று காட்டுங்கள். அடுத்த படம் தானாக மாறும்.

கேட்பவருக்கும் ஒரு வேலை இருக்கிறது. யாராவது சொல்லத் தொடங்கியதும் "இல்லை, நான் அதை ஏன் அப்படிச் செய்தேன் என்றால்" என்று விளக்கம் கொடுக்காதீர்கள். உங்கள் படம் போகிற இடமெல்லாம் விளக்கம் சொல்ல நீங்கள் கூடவே போக முடியாது. சொன்னதை எழுதி வையுங்கள், இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தொடர்பில்லாத மூன்று பேர் ஒரே இடத்தைக் காட்டினால் அந்த இடத்தில் ஏதோ இருக்கிறது. அவர்கள் சொன்ன மருந்து பிழையாக இருக்கலாம், நோவு அங்கேதான். "வானம் இன்னும் நீலமாக இருக்கட்டும்" என்பார்கள். உண்மையில் நிலம் மிகவும் வெளிறிப்போயிருக்கும். எதை ஏற்பது, எதை விடுவது என்பது உங்கள் முடிவு. யாரோ சொன்னார்கள் என்பதற்காக உங்களுக்குச் சரியென்று தோன்றிய ஒரு கோட்டை அழிக்க வேண்டியதில்லை.

யாழ்ப்பாணத்தில் ஒரு காலத்தில் விடுமுறைக்கால ஓவியர் கழகம் என்று ஒன்று இருந்தது. 2000ஆம் ஆண்டு மறைந்த ஓவியர் அ. மாற்கு அதில் முன்னின்றவர். கழகம் என்று பெயர் வைத்து, தலைவர் செயலாளர் தெரிவு செய்து ஓய்ந்துவிடாமல், நாமும் கூடிக் கீறுவோம் என்று கேட்கிறேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் போதும். இந்த மண்டபத்தின் விறாந்தையைத் தருவதாகப் பொறுப்பானவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பாதியில் நிற்கிற படத்தை எடுத்து வாருங்கள், பிரேம் போட்டதை வீட்டிலேயே விடுங்கள். வரும்போது அயலில் உள்ள ஒருவரையும் கூட்டி வாருங்கள், அவருக்குப் படம் கீறத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மார்க்கர், வெள்ளைத் தாள், நூல், கண்ணாடி ஆகியவற்றை நான் கொண்டுவருகிறேன். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் வாசலில் இருக்கும் தங்கச்சியிடம் எழுதிவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.