கைக்குட்டையால் எடுத்த சீட்டு

நேயர்களுக்கு வணக்கம்.

நான் டாரட் கார்டு என்கிற படச் சீட்டுகளைப் பார்க்கிறவள். கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள் அல்ல. பூங்காவில், நாலு பேர் நடக்கிற பாதையோரம் மடக்கு மேசை போட்டு, ஞாயிறு மாலைகளில் மட்டும். சீட்டு பார்ப்பது எப்படி என்று பேசச் சொல்லித்தான் என்னை இங்கே அழைத்தார்கள். அது ஒரு உரையில் அடங்காது. என்னிடம் அதிகம் பேர் கேட்கிற இன்னொரு கேள்வியைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். "இது பாவம் இல்லையா?" என்பதுதான் அது.

முதல்முறை அது வந்த விதம் நன்றாக நினைவிருக்கிறது. எதிரே ஒரு பெண். இருக்கிற வேலையை விடுவதா வேண்டாமா என்று மனசு அல்லாடிக்கொண்டிருந்தவள். மூன்று சீட்டு எடுக்கச் சொல்லி இரண்டைத் திருப்பிவிட்டேன். மூன்றாவதில் கை வைத்தபோது மேசைமேல் நிழல் விழுந்தது. அறுபது வயதுக்காரர், கையில் வேதப்புத்தகம். "அம்மா, உபாகமம் பதினெட்டாம் அதிகாரம் படிச்சிருக்கீங்களா?" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் சங்கடமாகப் போயிற்று. அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அந்தப் பெண் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். மூன்றாவது சீட்டு கவிழ்ந்தபடியே கிடந்தது. அதை நான் பிறகும் திருப்பிப் பார்க்கவில்லை. அது அவளுடையது.

அன்றிரவு பைபிளில் உபாகமம் படித்தேன். குறி சொல்லுகிறவன், நாள் பார்க்கிறவன், அஞ்சனம் பார்க்கிறவன் என்று பட்டியலே இருக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2116ஆம் எண்ணில் எல்லா விதமான குறிபார்த்தலையும் விலக்கச் சொல்கிறது. குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம், 90ஆம் வசனம், குறி பார்க்கும் அம்புகளை மதுவோடும் சூதோடும் சேர்த்து ஷைத்தானின் செயல் என்கிறது. ஆக, அந்தப் பெரியவர் தன்பாட்டுக்கு எதையோ உளறவில்லை. அதை ஒத்துக்கொள்ளாமல் "பழமைவாதி" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிற என்னைப்போல் சீட்டு பார்க்கிறவர்கள்மேல் எனக்கு வருத்தம் உண்டு.

ஆனால் அவருக்கும் தெரியாத கதை ஒன்று இருக்கிறது. டாரட் குறி சொல்லப் பிறந்தது அல்ல. 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில், விளையாடப் பிறந்தது. மிலான் கோமகன் குடும்பத்துக்காகப் பொன்தகடு ஒட்டி வரைந்த ஒரு சீட்டுக்கட்டில் 74 சீட்டுகள் மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் 35 நியூயார்க்கின் மார்கன் நூலகத்தில் இருக்கின்றன. பிரான்சிலும் ஆஸ்திரியாவிலும் இன்றைக்கும் இதைச் சும்மா சீட்டாட்டமாகத்தான் ஆடுகிறார்கள்.

அந்த நூற்றாண்டையொட்டி லத்தீனில் எழுதிய பிரசங்கம் ஒன்று கிடைத்திருக்கிறது. தாயக்கட்டை, சீட்டு எல்லாவற்றையும் திட்டிவிட்டு, டாரட்டுக்கே உரிய துருப்புச் சீட்டுகளை இன்னும் கடுமையாகத் திட்டுகிறார் பிரசங்கியார். குறி சொல்கிறார்கள் என்பதற்காக அல்ல. கடவுளையும் தேவதூதரையும் போப்பாண்டவரையும் சூதாட்டத்துக்குள் இழுத்துவிட்டார்களே என்பதற்காக. திட்டுகிற வேகத்தில் அந்த 22 துருப்புகளையும் வரிசையாக எழுதிவைத்துவிட்டார். நமக்குக் கிடைத்திருக்கிற மிகப் பழைய பட்டியல்களில் அதுவும் ஒன்று. எதிர்த்தவர் புண்ணியத்தில் வரலாறு மிஞ்சியது!

குறி சொல்வது பெரிய அளவில் ஒட்டிக்கொண்டது 18ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். 1781இல் கூர் து ஜெபலின் என்ற பிரெஞ்சுக்காரர், இது எகிப்தியப் பூசாரிகளின் ரகசியப் புத்தகம் என்று எழுதினார். எகிப்திய எழுத்தை ஷாம்போலியோன் என்ற அறிஞர் படித்துக் காட்டியதோ 1822இல். படிக்கத் தெரியாத எழுத்தின் பேரில் கிளம்பிய புரளி, இன்னும் ஓயவில்லை.

நான் வைத்திருப்பது 1909இல் லண்டனில் வெளிவந்த ரைடர்-வெயிட் என்ற டாரட் கட்டு. 78 சீட்டுக்கும் படம் வரைந்தவர் பமேலா கோல்மன் ஸ்மித் என்ற பெண்; கிடைத்தது சொற்பக் கூலி. இரண்டு வருடம் கழித்து அவரே கத்தோலிக்கத்தில் சேர்ந்தார். அவர் வரைந்த இருபதாம் சீட்டில் தேவதூதர் எக்காளம் ஊதுகிறார், கல்லறைகளிலிருந்து ஆட்கள் கைவிரித்து எழுகிறார்கள். கடைசி நாள் தீர்ப்பு, அப்பட்டமாக.

அடுத்த ஞாயிறும் பெரியவர் வந்தார். "வரப்போறது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். மேசை ஓரத்தில் அதைத்தான் எழுதியும் வைத்திருக்கிறேன். உயிர், நோய், வழக்கு பற்றிக் கேட்டால் பார்ப்பதில்லை. மரணச் சீட்டைக் காட்டிப் பயமுறுத்தி, பிறகு "தோஷம் கழிக்கிறேன்" என்று பணம் பிடுங்குகிறவர்கள் என் தொழிலில் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிப் பெரியவர் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் நானும் சொல்வேன்.

"அப்ப எதுக்கும்மா இது?"

நியாயமான கேள்வி. கோப்பை எட்டு என்கிற சீட்டை எடுத்துக் காட்டினேன். அடுக்கிவைத்த எட்டுக் கோப்பைகள். நிலா வெளிச்சத்தில் சிவப்பு அங்கி போட்ட ஒருவன் கோல் ஊன்றி, முதுகைக் காட்டியபடி மலைப்பக்கம் போகிறான். "இதைப் பார்த்து ஒருத்தர் 'தப்பிச்சிட்டான்' என்பார், இன்னொருத்தர் 'விட்டுட்டுப் போயிட்டானே' என்பார். நான் சொல்ல வேண்டியதே இல்லை ஐயா, அவர்களே சொல்லிவிடுவார்கள். அதைக் கேட்கத்தான் உட்கார்ந்திருக்கிறேன்" என்றேன். அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்தப் பக்கம் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "ஜெபத்துல கேட்டா போதாதா?" என்று மட்டும் சொன்னார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. போதுமென்கிறவர்களுக்குப் போதும்தான்.

அவரை எனக்குப் பிடித்துப்போக இன்னொரு காரணமும் உண்டு. என் சீட்டுக்கு நானே கொடுக்காத சக்தியை அவர் கொடுத்தார். அதைத் தெரிந்துகொண்டது ஒரு காற்று நாளில். நாலைந்து சீட்டு பறந்து புல்லில் விழுந்தது. ஓடி ஓடிப் பொறுக்கினேன். ஒன்று, பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவர் செருப்பருகே போய் நின்றது. எழுந்துபோய்விடுவார் என்று நினைத்தேன். அவர் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து விரித்து, அதனால் சீட்டின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கி, கை நீட்டி என்னிடம் கொடுத்தார். பிறகு கைக்குட்டையை நாலாக மடித்து, பைக்குள் வைக்காமல், கையிலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வணக்கம்.