சீலியாக் நோய்: யாருக்குச் சோதிப்பது, எப்படிச் சோதிப்பது

அவையோருக்கு வணக்கம். கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தைச் சாப்பிட்டால் உடலின் நோயெதிர்ப்பு அமைப்பே சிறுகுடலைத் தாக்குவதுதான் சீலியாக் நோய்.

பிள்ளைகள் எல்லோருக்கும் சீலியாக் நோய்க்கு இரத்தம் பார்க்க வேண்டும் என்று 2023 செப்டம்பரில் சட்டமே இயற்றியது இத்தாலி. 130-ஆம் எண் சட்டம். முதல் வகை நீரிழிவையும் சேர்த்தே தேடச் சொல்கிறது. லொம்பார்டி, மார்க்கே, கம்பானியா, சார்டினியா பகுதிகளில் 2, 6, 10 வயதுப் பிள்ளைகளிடம் முன்னோட்டம் நடந்தது. எல்லோரிடமும் தேடக் காரணம், வயிற்றுப்போக்கே இல்லாமலும் சீலியாக் நோய் இருக்கும். இரும்புச்சத்து மாத்திரைக்குத் தீராத சோகை, வளராமல் நின்ற உயரம், தேய்ந்த எலும்பு ஆகியவற்றுக்கும் கோதுமையின் குளூட்டன் காரணமாக இருக்கலாம்.

நாமும் எல்லோரையும் சோதிக்கலாமா? கணக்குப் பார்ப்போம். நோயில்லாதவரில் நூற்றுக்கு இருவருக்குத் தவறாக ‘உண்டு’ என்று காட்டும் பரிசோதனை என்று வைத்துக்கொள்வோம். வட இந்தியாவைப் போல் நூற்றுக்கு ஒருவருக்கு நோய் உள்ள இடத்தில் 10,000 பேரைச் சோதித்தால் நோயாளிகள் 100 பேர். வீணாகக் கலங்குவோர் சுமார் 200 பேர். தென்னிந்தியாவில் நோய் ஆயிரத்தில் ஒருவருக்குத்தான். அதே 200 பேரைக் கலங்கவைத்து 10 பேரைக்கூடக் கண்டுபிடிக்க மாட்டோம். ஆகவே இங்கே ஆள் பார்த்துச் சோதிப்பதே சரி: நோயாளியின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள், முதல் வகை நீரிழிவு, டவுன், டர்னர் என்ற பிறவி மரபுக் குறைபாடுகள் உள்ளோர், காரணம் புரியாத சோகை உள்ளோர்.

செய்ய வேண்டியது டிடிஜி-ஐஜிஏ பரிசோதனை. இந்த நோயில் உடல் உண்டாக்கும், ஐஜிஏ வகையைச் சேர்ந்த எதிர்ப்புப்பொருளை இரத்தத்தில் தேடுவது இது. மொத்த ஐஜிஏ அளவையும் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். சீலியாக் உள்ளவரில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு ஐஜிஏ உடம்பிலேயே இராது. நோய் இருந்தும் ‘இல்லை’ என்றே முடிவு வரும். அவர்களுக்கு ஐஜிஜி என்ற வேறு வகை எதிர்ப்புப்பொருளைத் தேடும் பரிசோதனை வேண்டும்.

இதைவிடக் கெடுதல், சந்தேகம் வந்ததுமே சப்பாத்தியை நிறுத்திவிட்டுச் சோதனைக்கு வருவது. குளூட்டன் நின்றால் எதிர்ப்புப்பொருள் மறையும், குடல் ஆறும். பிறகு எதை வைத்து நோயை உறுதிசெய்வது? சோதனைகள் எல்லாம் முடியும்வரை சப்பாத்தி, பரோட்டா, ரவை உப்புமா வழக்கம்போல் இருக்கட்டும். நோய் உறுதியான பிறகு பெருங்காயத்தைக்கூடப் பார்த்து வாங்க வேண்டும். கடையில் விற்பதில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும்.

பிள்ளைகளுக்கு டிடிஜி இயல்பு வரம்பின் 10 மடங்கைத் தொட்டு, இன்னொரு முறை எடுத்த இரத்தத்தில் ஈஎம்ஏ என்ற மற்றோர் எதிர்ப்புப்பொருளும் ‘உண்டு’ என்றால், ஐரோப்பியக் குழந்தை மருத்துவர்களின் 2020 வழிகாட்டுதல்படி குடல் திசு எடுக்காமலே உறுதிசெய்யலாம். மற்றவர்களுக்கு எண்டோஸ்கோப்பி வழியே குடல் திசு எடுத்துப் பார்க்க வேண்டும். பாதிப்பு திட்டுத்திட்டாக இருப்பதால் ஒரு துண்டு போதாது. முன்சிறுகுடலின் தொடக்கக் குமிழில் ஒன்றும், அதற்குக் கீழே நான்கும் எடுக்க வேண்டும்.

சோதனையில் ‘இல்லை’ என்று வந்த, நோயாளியின் உறவினருக்கு, இந்த நோய்க்கு வழிவிடும் டிக்யூ2, டிக்யூ8 மரபணுக்களைப் பார்க்கலாம். இரண்டும் இல்லையென்றால் நோய் வர வாய்ப்பு மிக அரிது. மறு சோதனை வேண்டாம். ஒன்று இருந்தாலும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை டிடிஜி பார்த்துவர வேண்டும்.