நோட்டு நிரம்பிவிட்டது, கதை மூன்றாம் பக்கத்தில் நிற்கிறது

வணக்கம். இந்த வாரம் ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இதையே வேறு வேறு வார்த்தைகளில் ஏழெட்டுப் பேர் கேட்டிருக்கிறீர்கள். திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒரு தம்பி, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறார். அவர் எழுதியதைச் சுருக்கிப் படிக்கிறேன்: “அண்ணா, மூன்று வருடமாக வரைகிறேன். 4 நோட்டுகள் நிரம்பிவிட்டன. 300 பக்கத்தில் ஒரு காமிக்ஸ் மனதில் இருக்கிறது. கதாநாயகன், வில்லன், ஆயுதங்கள், அட்டைப்படம் எல்லாம் தயார். கதையை வரைய உட்கார்ந்தால் மூன்றாம் பக்கத்தில் நின்றுவிடுகிறது. மூன்று முறை தொடங்கினேன், மூன்று முறையும் அங்கேயேதான் நின்றது. எனக்குக் கற்பனை போதவில்லையா? உங்களுக்கு உந்துதல் எங்கிருந்து வருகிறது?” கூடவே 26 படங்கள் அனுப்பியிருக்கிறார்.

தம்பி, 26 படங்களையும் பார்த்தேன். முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கை பழகிய கை. அந்த வில்லனின் கண்ணுக்குக் கீழே போட்டிருக்கிறீர்களே நிழல், அதைப் பார்த்து நான் கொஞ்சம் பொறாமைப்பட்டேன். ஆனால் 26 படங்களில் கதாநாயகன் 17 முறை வருகிறான், 17 முறையும் முகத்தை இடது பக்கம் முக்கால்வாசி திருப்பிக்கொண்டு நிற்கிறான். இரண்டு கைகளும் பேன்ட் பாக்கெட்டுக்குள். பாதம் இருக்க வேண்டிய இடத்தில் புகை. எங்கிருந்து வருகிறது இந்தப் புகை என்று எனக்கு நன்றாகத் தெரியும், என் பழைய நோட்டுகளிலும் அதே புகைதான். விரல் வரைய வராதவன் கையைப் பாக்கெட்டில் போடுவான், பாதம் வரைய வராதவன் புகை போடுவான்.

இப்போது உங்கள் மூன்றாம் பக்கத்துக்கு வருவோம். கதையை எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். முதல் பக்கம் நகரத்தின் இரவு. இரண்டாம் பக்கம் கதாநாயகன் மொட்டை மாடியில் நிற்கிறான். மூன்றாம் பக்கத்தில் அவன் திரும்பி, படியிறங்கி, கதவைத் திறந்து, அம்மா வைத்துவிட்டுப் போன சாப்பாட்டை உட்கார்ந்து சாப்பிடுகிறான். சாப்பிட வேண்டுமென்றால் கை வெளியே வந்தாக வேண்டும். படியிறங்க வேண்டுமென்றால் பாதம் வேண்டும். திரும்ப வேண்டுமென்றால் முதுகு வேண்டும். கற்பனை உங்களைக் கைவிடவே இல்லை. உங்கள் கதாநாயகனுக்கு முதுகு கிடையாது, அவ்வளவுதான் விஷயம்.

ஒரு முகத்தை அழகாக வரைவது ஓவியம். அதே ஆளை அடுத்த கட்டத்தில், அதாவது பக்கத்திலுள்ள அடுத்த படப்பெட்டியில், வேறு கோணத்தில், சின்னதாக, இருட்டில், கூட்டத்தில் வரைந்தாலும் அதே ஆள்தான் என்று படிப்பவர் சட்டென்று கண்டுகொள்ள வைப்பது காமிக்ஸ். இரண்டும் வேறு வேறு வேலைகள். உங்கள் நோட்டுகளில் முதல் வேலை மட்டும்தான் நடந்திருக்கிறது.

உந்துதல் எங்கிருந்து என்று கேட்டீர்கள் அல்லவா? எனக்கு இந்தப் பாடம் ஒரு கூரையிலிருந்து கிடைத்தது. திருவாரூர் தியாகராஜர் கோயிலில் தேவாசிரிய மண்டபம் இருக்கிறது. அதன் விதானத்தில் 17ஆம் நூற்றாண்டு ஓவியங்கள், முசுகுந்தச் சக்கரவர்த்தியின் கதை. அண்ணாந்து பார்த்தால் பட்டை பட்டையாக, வரிசை வரிசையாகக் கதை ஓடுகிறது. படங்களுக்குக் கீழே தமிழில் என்ன நடக்கிறது என்று எழுதியிருக்கிறது. வரைந்தவர் பெயர் சிங்காதனம், அதையும் அங்கேயே எழுதியிருக்கிறார்கள். கழுத்து வலிக்க வலிக்கப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று உறைத்தது. எத்தனை ஊர்வலம், எத்தனை யானை, எத்தனை ஆட்கள்! இருந்தும் ராஜா எங்கே என்று நான் ஒரு முறைகூடத் தேடவில்லை. முசுகுந்தனுக்குக் குரங்கு முகம். புராணமே ஓவியருக்குச் செய்து கொடுத்த உதவி அது. கூட்டத்தின் எந்த மூலையில் நின்றாலும் தெரிந்துவிடுகிறார்.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், கதையே அடையாளம் கண்டுபிடிக்கிற கதை. இந்திரன் தன்னிடம் முசுகுந்தன் கேட்ட தியாகராஜர் திருமேனியைக் கொடுக்க மனமில்லாமல், அதே போல இன்னும் ஆறு செய்து ஏழையும் வரிசையாக வைத்து, எது உண்மையானது என்று எடுத்துக்கொள் என்கிறான். முசுகுந்தன் சரியாக எடுக்கிறார். ஏழும் அச்சாக ஒன்று போல் இருக்க வேண்டிய இடத்தில், ராஜா மட்டும் யாரோடும் குழம்பாமல் இருக்கிறார். இதைவிட நல்ல காமிக்ஸ் வகுப்பை நான் பார்த்ததில்லை. நீங்கள் போகும்போது உச்சி வெயில் நேரத்தில் போகாதீர்கள், கண் கூசிவிட்டு உள்ளே வந்தால் கொஞ்ச நேரத்துக்கு ஒன்றும் தெரியாது.

சென்னைக்கு வந்தால் எழும்பூர் அருங்காட்சியகத்தில் அமராவதிச் சிற்பங்களையும் பாருங்கள். அங்கே வட்டமான ஒரு சுண்ணாம்புக்கல் பலகை, ஏறத்தாழ 1,800 வருடப் பழமை. நளகிரி என்ற மதயானையைப் புத்தர் அடக்கிய கதை. ஒரே வட்டத்துக்குள் அந்த யானை இரண்டு முறை வருகிறது. ஒரு பக்கம் ஆட்களை மிதித்துக்கொண்டு வெறியோடு வருகிறது, இன்னொரு பக்கம் புத்தர் காலடியில் மண்டியிட்டுக் கிடக்கிறது. நடுவில் கோடு இல்லை, கட்டம் இல்லை. இரண்டும் ஒரே யானைதான் என்று யாரும் சொல்லாமலே தெரிகிறது. மேலே வீட்டு ஜன்னல்களிலிருந்து எட்டிப் பார்க்கிறார்கள், தெருவில் சண்டை என்றால் நாம் எட்டிப் பார்ப்பதைப் போலவே.

சரி, கோயிலும் மியூசியமும் மட்டும்தானா என்றால், இல்லை. சிவகாசியிலிருந்து 1972இல் வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸ்தான் நம்மில் பலருக்குப் பள்ளிக்கூடம். முதல் இதழே இரும்புக்கை மாயாவி. அது பத்து வருடம் முன்னால் இங்கிலாந்தில் வந்த தொடர், வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹேசுஸ் பிளாஸ்கோ. மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். யோசித்துப் பாருங்கள், கதாநாயகனே இல்லாத கட்டத்தில் கதாநாயகனை வரைய வேண்டும்! முகம் கிடையாது, உடம்பு கிடையாது, ஒரு கை மட்டும். அந்தக் கை கோபமாக இருக்கிறதா, பதுங்குகிறதா என்பது விரல்களிலிருந்தே தெரியும். பாக்கெட்டில் கையை ஒளித்து வைக்கிற தம்பிகள் இந்தப் பக்கங்களை ஒரு வாரம் பார்த்து வரைந்தால் போதும்.

கேப்டன் டைகரையும் எடுத்துக்கொள்ளுங்கள். 1963இல் பிரான்சில் தொடங்கிய தொடர், வரைந்தவர் ழான் ஜிரோ. தொடக்கத்தில் அந்த முகத்தில் பெல்மோன்டோ என்ற பிரெஞ்சு நடிகரின் சாயல் இருக்கும். போகப் போக முகம் மாறிக்கொண்டே வரும். தாடி வளரும், அழுக்குப் படியும். ஆனால் அந்த உடைந்த மூக்கு போகாது. அதே ஜிரோ மோபியஸ் என்ற பெயரில் விஞ்ஞானக் கதைகள் வரையும்போது கை வேறாகிவிடும். டைகருக்குப் பெரும்பாலும் தூரிகை, அதற்குப் பேனா. “எனக்கென்று ஒரு ஸ்டைல் இன்னும் வரவில்லையே” என்று அழுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். ஒரே மனிதர் இரண்டு பெயரில் இரண்டு விதமாக வரைந்துவிட்டுப் போயிருக்கிறார். உங்களுக்கு ஒன்றுகூட அமையவில்லை என்ற கவலை இருபது வயதில் எதற்கு?

ஒரு சின்னப் பரிசோதனை. உங்கள் கதாநாயகனின் உருவத்துக்குள் முழுக்க மையை நிரப்பிவிடுங்கள். கண், மூக்கு, உடை எதுவும் தெரியக் கூடாது, வெறும் கறுப்பு நிழல். இப்போதும் அவன்தான் என்று தெரிகிறதா? அம்புலிமாமாவில் சங்கர் வரைந்த விக்கிரமாதித்தனை நினைத்துக்கொள்ளுங்கள். கையில் வாள், தோளில் தொங்கும் பிணம். மையைக் கொட்டி நிரப்பினாலும் அவர் விக்கிரமாதித்தன்தான். உங்கள் ஆளை நான் நிரப்பிப் பார்த்தேன். மன்னிக்கவும், உங்கள் வில்லனும் அவனும் ஒன்றாகிவிட்டார்கள். இருவருக்கும் ஒரே நீளக் கோட்டு, இருவருக்கும் காற்றில் பறக்கிற முடி.

என் முதல் கதை 8 பக்கம். ரேஷன் கடை வரிசையில் நிற்கிற ஒரு பாட்டியைப் பற்றியது. சண்டை, பறத்தல் எதுவும் கிடையாது. எங்கள் தெருப் பாட்டி ஒருவரின் மூக்குக் கண்ணாடியில் ஒரு பக்கக் காம்பு உடைந்து, அந்த இடத்தில் நூல் கட்டி, நூலைக் காதில் சுற்றியிருப்பார். அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். முன்னாலிருந்து பார்த்தால் நூல் தொங்கும், பின்னாலிருந்து பார்த்தால் காதில் முடிச்சு தெரியும். எந்தக் கோணத்திலும் பாட்டி பாட்டிதான். ஐந்தாம் பக்கத்தில் ஒரு கட்டத்தில் நூலை வரைய மறந்துவிட்டேன். பெரியவர்கள் யாரும் கவனிக்கவில்லை. பக்கத்து வீட்டில் மூன்றாம் வகுப்புப் படிக்கிற பெண் குழந்தை மட்டும் விரலை அந்தக் கட்டத்தில் வைத்து, “இது யாரு?” என்று கேட்டது.

அந்தக் கதையில் இன்னொரு அடியும் பட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். படங்களை எல்லாம் முதலில் வரைந்து முடித்துவிட்டு, மிச்ச இடத்தில் வசனத்தைப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். தமிழில் அது நடக்காது. “வந்துகொண்டிருக்கிறேன்” என்று ஒரே ஒரு சொல்லை எழுதிப் பாருங்கள், வசனம் எழுதுகிற பலூன் பாதிக் கட்டத்தைத் தின்றுவிடும். பாட்டியின் தலை மேல் பலூன் ஏறி உட்கார்ந்துவிட்டது. அதனால் வசனத்தை முதலில் பென்சிலால் எழுதி, பலூனுக்கு இடம் ஒதுக்கிவிட்டு, பிறகு ஆட்களை நிறுத்துங்கள். முதலில் பேசுகிறவர் இடது பக்கம் நிற்கட்டும். இல்லாவிட்டால் பலூன்களின் வால்கள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொள்ளும்.

கம்ப்யூட்டரில் எழுத்துச் சேர்க்கிறவர்கள் அச்சுக்கு அனுப்பும் முன் ஒவ்வொரு கொம்பையும் பாருங்கள். இந்திய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காமல் விட்டால் சில மென்பொருள்களில் “கொ” துண்டு துண்டாகிக் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் நிற்கும். நான் பார்க்காமல் 200 பிரதி அச்சடித்துவிட்டேன். அதில் 160 இன்னும் என் பரண் மேல்தான் இருக்கிறது.

ஓசைகளுக்கு மட்டும் கவலையே வேண்டாம். நம் மொழி அதில் கோடீஸ்வரன். துப்பாக்கி என்றால் டுமீல், யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மழை சடசட, கொலுசு கலகல, பழைய கதவு கிறீச். இரட்டைக்கிளவி என்று பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் படித்தது முழுக்க முழுக்க காமிக்ஸ்காரனுக்கான சொத்து.

300 பக்கக் கதையை என்ன செய்வது? இப்போதைக்கு மூடி வையுங்கள். தினத்தந்தியில் கன்னித்தீவு படக்கதை 1960இல் தொடங்கியது, 20,000 பகுதிகளைத் தாண்டிவிட்டது. ஆனால் அது தினம் சில கட்டங்கள் வெளியே வந்துகொண்டே இருந்த கன்னித்தீவு. உங்களுடையது அலமாரிக்குள் இருக்கிற கன்னித்தீவு. அதனால் ஒரே ஒரு ஏ4 தாளை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று முறை மடித்து, பிரித்து, நடுவில் ஒரு வெட்டு வெட்டி மறுபடி மடித்தால் 8 பக்கச் சின்னப் புத்தகமாகிவிடும். தைக்க வேண்டாம், பின் அடிக்க வேண்டாம். தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் வரைந்தால் போதும், ஜெராக்ஸ் கடையில் வேண்டிய பிரதி எடுத்துக்கொள்ளலாம். டேப்லெட் வாங்க வேண்டுமா என்று கேட்காதீர்கள். 2பி பென்சிலும் ஒரு கறுப்பு ஜெல் பேனாவும் போதும்.

கதைக்கு எங்கே போவது என்றால், உங்கள் கல்லூரி வாசல் டீக்கடைக்குப் போங்கள். மாஸ்டர் டீ ஆற்றுவதை ஆறு கட்டமாக வரையுங்கள். மேலே போன கை, கீழே நிற்கிற கிளாஸ், நடுவில் கோடு போல் விழுகிற டீ. அவர் கல்லாவுக்குத் திரும்பிச் சில்லறை கொடுக்கும்போது என்ன தெரிகிறது? முதுகு தெரிகிறது. வேர்வையில் சட்டை எப்படி ஒட்டியிருக்கிறது, துண்டு எந்தத் தோளில் கிடக்கிறது, அதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். ஆறாவது கட்டத்திலும் அது அவர்தான் என்று பக்கத்தில் டீ குடிக்கிறவர் சொல்ல வேண்டும், கேட்டுப் பாருங்கள். வெட்கப்பட்டால் இன்னொரு டீ வாங்கிக்கொண்டு கேளுங்கள்.

அதை முடித்துவிட்டு மொட்டை மாடிக்காரனிடம் திரும்பி வாருங்கள். அவனுடைய முன்பக்கம் எனக்கு மனப்பாடமாகிவிட்டது தம்பி, 17 முறை பார்த்துவிட்டேன். அடுத்த முறை அவனுடைய முதுகை அனுப்புங்கள், படியிறங்கிக்கொண்டிருக்கட்டும். புகை வேண்டாம்.